சும்தாங் மந்திரச் சுவரும் படிக்காமல் நான் போட்ட கையெழுத்தும்

அனுப்புநர்:
நீர்மாயா மோக்தான், வயது 49,
தலைமைக் காவலர் (ஓய்வு), போக்குவரத்துக் காவல், காட்மாண்டு.
தற்போது இருப்பது: சுகாதார நிலையம், சும்தாங் கிராமம்.

பெறுநர்:
தலைமைக் காப்பாளர் அவர்கள்,
தோர்லிங் தேசியப் பூங்கா.

பொருள்: டோங்கர் – சும்தாங் மலைவழியின் நடுவே, மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிக் கட்டிய மந்திரச் சுவரை ஜேட் மாதம் 15 அன்று அகற்றும் உத்தரவை ரத்து செய்யக் கோருதல், என் வாக்குமூலத்தை நானே மறுத்தல், என் மீது நடவடிக்கை கோருதல்.

பார்வை: (1) என் வாக்குமூலம், பைசாக் மாதம் 19. (2) தங்கள் அலுவலக அறிவிப்பு, பைசாக் 29.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் காட்மாண்டின் நாற்சந்திகளில் இருபத்திநான்கு வருடம் நின்றவள். கடந்த மங்சிர் மாதம் ஓய்வு பெற்றேன். ஒரு சால்வையும் ஒரு கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். தொப்பி, இடைவார், கையுறை எல்லாவற்றையும் திரும்ப ஒப்படைத்தேன். விசிலை மட்டும் ஒப்படைக்கவில்லை. இது தவறுதான். ஆனால் அந்த விசில் இல்லாவிட்டால் இம்மனுவை எழுத இன்று நான் இருந்திருக்க மாட்டேன் என்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

2. இத்தனை வருடம் ஒரே இடத்தில் நின்றவளுக்கு, வண்டியே வராத ஓர் இடத்தில் தனியாக நடக்க வேண்டும் என்று ஆசை. சோகர் ஏரியைப் பார்த்துவிட்டு ஆறே நாளில் வீடு திரும்புவது திட்டம். என் மகள் சஞ்சிலா, "எதுக்கும்மா போற? யாக் மாட்டுக்கெல்லாம் கை காட்டி வழி விடவா?" என்று கேட்டுச் சிரித்தாள். இருந்தும் அவளே கம்பளிக் காலுறை மூன்று ஜோடி வாங்கி வைத்தாள்.

3. பைசாக் 17 காலை 6.40 மணிக்கு டோங்கர் தங்குவிடுதியிலிருந்து புறப்பட்டேன். விடுதிக்காரர் தின்டு, "அக்கா, பத்து மணிக்கு மேல மேகம் எறங்கிடும். அதுக்குள்ள மந்திரச் சுவரைத் தாண்டிட்டீங்கன்னா சும்தாங் வந்த மாதிரிதான்" என்றார். நானும் சரி என்றேன். ஆனால் வழியில் ரோடோடென்ட்ரான் மரங்கள் மலை முழுக்கச் சிவந்து பூத்துக் கிடந்தன. அவற்றின் கீழே உட்கார்ந்து இரண்டு முறை தேநீர் குடித்தேன். யாரும் பின்னால் நின்று ஹாரன் அடிக்கவில்லை. அந்தச் சுகத்தில் நேரம் போனது தெரியவில்லை. சுவரை அடைந்தபோது மணி 10.50. முழங்கைக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி.

4. அங்கே தங்கள் அலுவலகம் கடந்த கார்த்திக் மாதத்தில் நட்ட பலகையைப் பார்த்தேன். அதில் "சும்தாங்" என்ற ஊர்ப்பெயரும், சுவருக்கு வலப்பக்கம் போகச் சொல்லும் ஓர் அம்புக்குறியும் இருந்தன. வேறு ஒரு சொல் இல்லை. ஐயா, அம்புக்குறியை மீறுவது குற்றம் என்று என் பணிக்காலத்தில் எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேனோ! எத்தனை பேர் என்னைக் கெஞ்சியிருப்பார்கள், எத்தனை பேர் திட்டியிருப்பார்கள்! அப்படிப்பட்ட நான், பலகையை நன்றாகப் பார்த்து, படித்து, புரிந்துகொண்டு, சுவருக்கு இடப்பக்கம் போனேன்.

5. காரணம் தங்களுக்கும் தெரிந்ததே. மந்திரம் செதுக்கிய கற்கள் எப்போதும் நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும், மாறினால் பாவம். அம்பு சொன்னபடி போனால் அவை இடக்கைப் பக்கம் வரும். என் தாய் என்னை முதுகில் கட்டிக்கொண்டு நடந்த காலத்திலிருந்து என் கால்களுக்கு அது ஒன்றுதான் வழி. மூளை வலது என்றது, கால்கள் கேட்கவில்லை. இடப்பக்க வழியில் அறுபது அடி தூரம் கடந்த மழைக்காலத்தில் சரிந்துவிட்டது என்பதைப் பலகை சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் வலப்பக்கம் போயிருப்பேனா என்பது சந்தேகம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலடியைப் பார்த்து நடந்திருப்பேன்.

6. சரிந்த இடத்தில் வழி போலத் தெரிந்த ஒன்றில் இறங்கினேன். அது மாட்டுத் தடம். சிறிது தூரத்தில் கால் வழுக்கி, பன்னிரண்டு பதினைந்து அடி உருண்டேன். ஒரு பாறை என்னை நிறுத்தியது. இடது கணுக்கால் போனது. பை, கைபேசி, தேநீர்க் குடுவை, மகள் வாங்கிய காலுறைகள் எல்லாம் ஓடைக்குள் போயின. கழுத்தில் கிடந்த விசில் மட்டும் மிஞ்சியது. அதை ஊதினேன். உண்மையைச் சொன்னால், பயத்தில் அழுதுகொண்டே ஊதினேன். அரை மணி நேரம் கழித்து மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "யாரது, மலையில நின்னுக்கிட்டு பஸ்ஸுக்கு ஊதறது? நிறுத்துடி! என் மாடெல்லாம் நாலு பக்கமும் ஓடிடுச்சு!" என்று கத்தியது. வாழ்நாளில் இவ்வளவு இனிமையாக என்னை யாரும் திட்டியதில்லை.

7. அவர் பெயர் கர்சாங் பூட்டி, வயது 57. அந்தப் பள்ளத்தில் சௌரி என்னும் யாக் கலப்பு மாடுகள் பதினாறை வைத்து மேய்க்கிறார். என்னைத் தோளில் சாய்த்துத் தன் குடிசைக்குக் கொண்டுபோனார். பிறகு என்னைத் தனியே விட்டுவிட்டு, நான் விரட்டிய மாடுகளைத் தேடப் போனார். ஒவ்வொன்றாகக் கூட்டி வரும்போதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். அன்றிரவும் மறுநாளும் அங்கேதான் இருந்தேன். உப்புத் தேநீர், சுட்ட உருளைக்கிழங்கு, மிளகாய் இடித்த உப்பு, அடுப்புக்கு மேல் காய்ந்துகொண்டிருந்த பாற்கட்டி. ஒரு பசு கன்று ஈன்றது. நான் படுத்த இடத்திலிருந்தே விளக்குப் பிடித்தேன். ஊருக்குத் தகவல் சொல்ல வேண்டாமா என்று நான் கேட்டபோது, "நாளன்னிக்கு வெண்ணெய் வாங்க ஆள் வருவான், சொல்லி அனுப்பலாம். உனக்கு என்ன டியூட்டிக்கு நேரமாச்சா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். எனக்கு எந்த டியூட்டியும் இல்லை. அந்த இரண்டு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை அதிகாரபூர்வமாகப் பதிவு செய்கிறேன். ஏரியைப் பார்க்கவில்லை. அதைப் பற்றி எனக்கு யாதொரு புகாரும் இல்லை.

8. இனி என் குற்றத்துக்கு வருகிறேன். நான் சும்தாங் சேரவில்லை என்று தின்டு கொடுத்த தகவலின் பேரில், பைசாக் 19 மதியம் தங்கள் வனக்காவலர் மான்சிங் கர்த்தியும் மற்ற மூவரும் என்னைக் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. மான்சிங் தம்பி ஒரு படிவத்தை முழங்காலில் வைத்து நிரப்பினார். எங்கே வழிதவறினீர்கள் என்று கேட்டார். சுவர்கிட்ட என்றேன். காரணம் என்ற கட்டத்தில் அவர், "சுவர் வழியை மறைத்ததால்" என்று எழுதிக்கொண்டார். குளிரில் விரல் மடங்காத நிலையில் எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. என் ஒரு கையில் சூடான உருளைக்கிழங்கு இருந்தது. மறுகையால் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க, அப்புறம் தெரியாதுன்னு சொல்லக் கூடாது" என்று ஆயிரம் ஓட்டுநர்களிடம் சொன்ன அதே வாயில் அப்போது கிழங்கு இருந்தது.

9. பைசாக் 29 அன்று தங்கள் அறிவிப்பு சும்தாங் தேநீர்க்கடைக் கதவில் ஒட்டப்பட்டது. சுகாதார நிலையத்தில் கட்டுப்போட்டுக் கிடந்த என்னிடம், பால் கொண்டுவந்த கர்சாங் பூட்டி அக்கா அதைக் கிழித்து எடுத்து வந்து, "எனக்கு எழுத்துத் தெரியாது, படிச்சுச் சொல்லு தங்கச்சி" என்றார். படித்தேன். பயணி நீர்மாயா மோக்தான் என்பவரின் எழுத்துமூல வாக்குமூலத்தின் அடிப்படையில் சுவர் அகற்றப்படும், கற்கள் பூங்கா வளாகத்தில் பாதுகாப்பாக அடுக்கி வைக்கப்படும் என்று இருந்தது. என் பெயரை மட்டும் விட்டுவிட்டு வாசித்துக் காட்டினேன். அவர், "யாரு சொன்னாங்களாம்?" என்று கேட்டார். "யாரோ ஒரு பயணி" என்றேன். காவல் பணியில் இருந்தவள், ஐயா, முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன்.

10. அந்தச் சுவர் அவருக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் நுர்சாங் பதினோரு வருடங்களுக்கு முன், பனி பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், திரும்பி வராத இரண்டு மாடுகளைத் தேடிப் போனார். மாடுகள் தாமாகவே வந்து சேர்ந்தன. அவர் வரவில்லை. உடல் கிடைக்கவில்லை. எரித்த இடம் என்று ஒன்று இல்லை. வருடத்துக்கு ஒரு மந்திரக்கல்லைக் கீழிருந்து முதுகில் சுமந்து வந்து சுவரின் கீழ்முனையில் வைத்து வருகிறார் அக்கா. இப்போது பதினொன்று. எழுத்துத் தெரியாவிட்டாலும் எது எந்த வருடத்துக் கல் என்று தொட்டே சொல்வார். அறிவிப்பைக் கேட்டு முடித்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அடுக்கி வைக்கிறவனுக்கு எது முன்னாடி, எது பின்னாடின்னு தெரியுமா?" இதற்குத் தங்கள் அலுவலகத்திடம் பதில் இருக்காது என்று நினைக்கிறேன்.

11. சுவர் பயணிகளுக்கு ஆபத்து என்பது சரியல்ல என்பதை நிரூபிக்கச் சாட்சியம் திரட்டியுள்ளேன். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தால் சுவர் முழுதும் தெரியும். அடுத்த மாதமான ஜேட் 1 அன்று மேகம் இறங்காததால், காலை ஏழு மணி முதல் மதியம் வரை, பழைய பழக்கப்படி, மேலே ஏறி வந்தவர்களைக் கணக்கெடுத்தேன். வெளிநாட்டுப் பயணிகள் ஒன்பது பேர், ஒன்பது பேரும் அம்பு காட்டிய வலப்பக்கம். நம்மவர்கள் இருபத்திரண்டு பேர். அதில் இருபத்தொரு பேர் சுமையோடு அந்தச் சரிவின் விளிம்பில் பக்கவாட்டில் ஊர்ந்து இடப்பக்கமே வந்தார்கள். மீதி ஒருவர் மட்டும் வலப்பக்கம் வந்தார். அவர் குடித்திருந்தார்.

12. மேலும் ஒரு சாட்சியம். பைசாக் 19 அன்று தங்கள் காவலர்கள் என்னை முதுகுக்கூடையில் வைத்துச் சும்தாங்குக்குத் தூக்கி வந்தபோது சுவரை எந்தப் பக்கம் கடந்தார்கள் என்பதை அவர்களிடமே விசாரிக்கலாம். பலகையை நட்டதே தாங்கள்தான் என்று நான் நினைவூட்டியதற்கு மான்சிங் தம்பி மூச்சிரைக்க, "சும்மா இருங்க அக்கா. உங்களைச் சுமக்கிறதே போதும், அந்தப் பாவத்தையும் சேர்த்துச் சுமக்கணுமா?" என்றார். நான்கு பேரும் இடப்பக்கமே போனார்கள். சரிந்த இடத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதற்காக அவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

13. ஏறுகிறவர்கள் சுவருக்கு ஒரு பக்கம், இறங்குகிறவர்கள் மறுபக்கம். எதிரும் புதிருமாக யாரும் மோதிக்கொள்வதில்லை. கோவேறு கழுதைகள்கூட வரிசை மாறுவதில்லை. இதற்குப் பெயர் ஒருவழிப்பாதை, ஐயா. இருபத்திநான்கு வருடம் தொண்டை கட்டக் கத்தியும், கை ஓய வீசியும் காட்மாண்டில் என்னால் கொண்டுவர முடியாத ஒழுங்கை, இந்தச் சுவர் ஒரு விசில் இல்லாமல் நடத்திக்கொண்டிருக்கிறது. அதைப் பெஞ்சிலிருந்து பார்த்தபோது எழுந்து நின்று வணக்கம் வைக்கத் தோன்றியது. கால் இடம் தரவில்லை. போதாததற்கு, நம் நாட்டுச் சட்டமே இடப்பக்கம் போகச் சொல்கிறது. அதற்கு எதிராக வலப்பக்கம் போகச் சொல்வது தங்கள் அம்பு ஒன்றுதான்.

14. ஆகவே நான் கோருவது: என் வாக்குமூலத்தில் "சுவர் வழியை மறைத்ததால்" என்பதை அடித்துவிட்டு, "மூடுபனியாலும், சரிந்த வழி பற்றி அறிவிப்பு இல்லாததாலும், என் சொந்தக் கால்களாலும்" என்று திருத்த வேண்டும். சுவரை அகற்றும் உத்தரவை ரத்து செய்ய வேண்டும். அகற்ற வரவிருக்கும் அதே ஆட்களையும் அதே கடப்பாரைகளையும் கொண்டு சரிந்த அறுபது அடியைக் கட்டித்தர வேண்டும். சுவரைக் கலைப்பதைவிட அது குறைந்த வேலைதான். அம்புக்குறியை ஏறும் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். அதுவரை, வழி சரிந்துள்ளது என்று எழுதி, படம் ஒன்றும் போட்டு வைக்க வேண்டும், எழுத்துத் தெரியாதவர்களும் அவ்வழியே போகிறார்கள்.

15. கடைசியாக, அரசுப் பலகையைத் தெரிந்தே மீறியதற்கும், படிக்காமல் கையெழுத்திட்டு அலுவலகத்தைத் தவறாக வழிநடத்தியதற்கும் என் மீது தக்க தண்டனை விதிக்க வேண்டும். இதில் சலுகை கோரவில்லை. நான் யாருக்கும் கொடுத்ததும் இல்லை.

ஜேட் 15க்கு இன்னும் பன்னிரண்டே நாள் இருப்பதால், விரைந்து பதில் தர வேண்டுகிறேன். பதில் வரும்வரை பெஞ்சில் இருப்பேன்.

இடம்: சும்தாங்
நாள்: ஜேட் 3

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) நீர்மாயா மோக்தான்

இணைப்பு: (1) ஏறி வந்தவர்களின் கணக்குத் தாள். (2) ஒருவழிப்பாதைக்கான கைவரைபடம். (3) சாட்சி கர்சாங் பூட்டியின் கைநாட்டு.

சாட்சியின் கைநாட்டு பற்றிய குறிப்பு: இம்மனு இன்று காலை சாட்சிக்கு முழுதும் வாசித்துக் காட்டப்பட்டது. எட்டாம் பத்தியும் ஒன்பதாம் பத்தியும் வந்தபோது நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சாட்சி சுகாதார நிலையத்து அடுப்பில் விறகைத் தள்ளி வைத்தார். பிறகு, "யாரோ ஒரு பயணி, இல்ல?" என்றார். நான் தலை குனிந்தேன். காலியாக இருந்த என் கோப்பையில் தேநீர் ஊற்றினார். மீதியையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு முடித்த பிறகே மையில் விரல் வைத்தார். பதினைந்தாம் பத்தியில் நான் கோரிய தண்டனையைப் பொறுத்து, அலுவலகத்துக்காகத் தாம் காத்திருக்கப் போவதில்லை என்று சொல்லி, "கால் ஆறினதும் பன்னிரண்டாவது கல்லை நீதான் முதுகுல தூக்கிட்டு வர்ற. இதையும் அதுலயே எழுது" என்றார். எழுதிவிட்டேன். தண்டனையை ஏற்கிறேன். கொண்டுவரும் கல்லை வைக்க அங்கே சுவர் இருக்க வேண்டும் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.