பந்தி வாசலில் மூன்று துண்டுகள்

22 ஜனவரி 1996, திங்கள்

தேனம்மை ஆச்சி கட்டுகிற கல்யாண மண்டபத்துக்கு, வாசலிலிருந்து மணவறை வரை கார்ப்பெட் வேண்டுமாம். கடை முதலாளி குமரப்பன் சார் என்னைப் பார்த்தார்.

"கெமிஸ்ட்ரி படிச்ச புள்ள நீதானே? ஆயிரம் பேரு நடந்தா எது தாங்கும்னு பாத்துச் சொல்லு."

கடையில் சேர்ந்து ஐந்து மாதத்தில் என் பட்டத்துக்குக் கிடைத்த முதல் வேலை. பயிற்சிக் காலம் பிப்ரவரியோடு முடிகிறது. என்னை வைத்துக்கொள்வாரா என்பது இதில்தான் இருக்கிறது. கோடவுனில் பாலியஸ்டர் சுருள்கள் விற்காமல் கிடப்பதையும் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா ஊரில் எல்லாரிடமும் "மக கெமிஸ்ட்ரி வேலை பாக்குது" என்கிறார். நான் திரைச்சீலை மடிக்கிறேன்.

23 ஜனவரி

நைலான், பாலியஸ்டர், பாலிபுரொப்பிலீன். கேட்லாக்கில் எல்லாமே பூட்ஸ் காலுக்கு எழுதியிருக்கிறது. இங்கே செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு வருவார்கள் — ஈரம், எண்ணெய், மஞ்சள். மூன்றிலும் ஒரு துண்டு வெட்டிக் கடை வாசலில் விரித்திருக்கிறேன். ஒரு வாரம் மிதிபடட்டும்.

30 ஜனவரி

ஒருவரும் மிதிக்கவில்லை. புதுசு என்று தாண்டிப் போகிறார்கள். ஒரு அம்மா சேலையைத் தூக்கிக்கொண்டு குதித்தார். "மிதிங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாரே ஓரமாகத்தான் வருகிறார்.

"மூணும் அப்படியேதானே இருக்கு? பாலியஸ்டரே போட்டுருவோம்," என்றார்.

யாரும் மிதிக்கவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

5 பிப்ரவரி

சித்தி மகன் செல்வினுக்குக் கல்யாணம். துண்டுகளைப் பையில் கொண்டு போனேன். சர்ச்சில் பூசை முடிந்ததும் பந்தி அறை வாசலில் விரித்தேன். கதவு திறந்தபோது ஒருவரும் கீழே பார்க்கவில்லை, பங்குச்சாமியார் உட்பட. கை கழுவிய ஈரம், நெய், சாம்பார் வாளி, இழுத்த பெஞ்சு — எல்லாம் அதன்மேல்தான்.

ஞானபூரணி சித்தி, "ஏண்டி, பொண்ணு மாப்பிள்ளையப் பாக்காம ஊராங் காலப் பாத்துக்கிட்டு நிக்கிறே?" என்றது. அடுத்த பந்தியில் என்னையும் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் மிதித்தேன்.

6 பிப்ரவரி

அலசிக் காயவைத்து பிரஷ் போட்டேன். பாலியஸ்டர் இழை படுத்தது படுத்ததுதான். பாலிபுரொப்பிலீன் தண்ணீரைக் குடிக்கவில்லை. ஆனால் நெய் போகவில்லை, பெஞ்சு இழுத்த இடம் உருகிப் பளபளக்கிறது. நைலான் எழுந்துவிட்டது. சாம்பார் மஞ்சள் மட்டும் அதில் நிற்கிறது.

நைலான் நம் கோடவுனில் ஒரு முழம்கூட இல்லை.

8 பிப்ரவரி

ஆச்சி கடைக்கு வந்தார். மூன்று துண்டையும் மேசையில் வைத்தேன். வைத்ததோடு சரி. ஆச்சி பாலியஸ்டரைத் தடவினார்.

"என்ன குமரப்பா, இது செத்துக் கெடக்கு?"

"இன்னொரு தரம் அலசினா எந்திரிச்சிரும் ஆச்சி."

"எந்திரிக்காது."

யார் சொன்னது என்று நானும் திரும்பிப் பார்த்தேன். நான்தான்.

"அப்ப எதப் போடச் சொல்றே ஆத்தா?"

"நைலான்."

"மஞ்சக் கறை நிக்கிதே?"

"நிக்கும் ஆச்சி. மெரூன் கலர்ல எடுத்தீகன்னா தெரியாது."

"கறையையும் சேத்துல்ல சொல்றா!" ஆச்சி சிரித்தார். சார் சிரிக்கவில்லை. மெட்ராஸுக்குப் போன் போட்டு நைலான் அனுப்பச் சொன்னார்.

என்னத்துக்குடி வாயத் தொறந்தே? பாலியஸ்டர் படுத்துக் கெடந்தா ஒனக்கென்ன? இன்னும் மூணு வாரம் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா —

1 மார்ச்

பயிற்சிக் காலம் நேற்றோடு முடிந்தது. இரு என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வழக்கம்போலப் போனேன்.

29 ஏப்ரல்

மண்டபத் திறப்பு முடிந்தது. வாசலிலிருந்து மணவறை வரை மெரூன் நைலான். அழுக்காகிவிடும் என்று ஆச்சி அதன்மேல் முழுக்க பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிட்டார். வந்த கூட்டம் அதன்மேல்தான் நடந்தது. முதல் நாளே ஷீட் கிழிந்துவிட்டதாம்.

"எந்தப் பிளாஸ்டிக்கு தாங்கும்னு ஆச்சி கேக்குறாக. ஒன்னையத்தான் அனுப்பச் சொல்றாக," என்று சார் அளவு டேப்பை என் கையில் கொடுத்தார்.

நாளைக் காலை கடைக்குப் போகாமல் நேரே மண்டபத்துக்கு.