மோதினால்தான் ஆறும்

ஓசூர்
6-2-2006

அன்புள்ள பொற்கொடி அக்காவுக்கு,

பூபதி எழுதுவது. போன் அப்பா கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால்தான் கடிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை.

அத்திப்பள்ளி வினோதாவைப் பற்றிச் சொன்னேனே, எங்கள் கம்பெனி இன்ஸ்பெக்‌ஷனில் இருக்கிற கன்னடப் பெண். கட்டினால் அவளைத்தான் என்று சொன்ன நாளிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. நானும் பேசவில்லை. ஒரே கம்பெனி பஸ்ஸில் அவர் முன்னால், நான் பின்னால். நேற்று பொறுக்காமல் அவளை அவள் அம்மா, சித்தி, மாமாவோடு வீட்டுக்கே அழைத்து வந்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். யுகாதிக்குள் நாம் பெண் கேட்டுப் போகாவிட்டால் வேறு இடம் பார்த்துவிடுவார்களாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. உன் ஆராய்ச்சிக்கூடக் குளிர்ப் பெட்டியை விட்டுவிட்டுக் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு.

தம்பி,
பூபதி


ஹாம்பர்க்
20-2-2006

அன்புத் தம்பிக்கு,

சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. போன வாரம் நானும் இதே கூத்தைத்தான் செய்தேன்.

எங்கள் பொட்டாசியம் அணுக்கள் எல்லாம் ஒரே ரகம். கடுங்குளிரில் அவை தங்களுக்குள் மோதவே மோதாது. மோதாவிட்டால் சூடு கைமாறாது, மேற்கொண்டு குளிராது. அதனால் ருபீடியம் என்ற வேறு ரக அணுவைக் கலக்கிறோம். பொட்டாசியம் அதன்மேல் மோதி மோதித் தன் சூட்டை இறக்கிவைக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஈர்ப்பு எவ்வளவு என்பதைக் காந்தத்தால் கூட்டலாம், குறைக்கலாம். நான் அவசரப்பட்டு அளவுக்குமேல் கூட்டினேன். மொத்தமும் குலைந்து போயிற்று. நீ சித்தி மாமா சகிதம் வந்து நின்றாயே, அதுபோல.

அப்பாவும் நீயும் ஒரே ரகம். மோதவும் மாட்டீர்கள், ஆறவும் மாட்டீர்கள். நீ பைக்கில் போ. பஸ்ஸில் அப்பா பக்கத்தில் வினோதா உட்காரட்டும். சண்டை வந்தால் வரட்டும். அணுவுக்கும் அப்பாவுக்கும் ஒரே விதி என்று நான் சத்தியம் செய்யவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அக்கா,
பொற்கொடி


ஓசூர்
26-3-2006

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி வினோதா பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் நாளே சண்டை. “உங்க ஊர்ல சாம்பார்ல வெல்லம் போடுவீங்களாமே” என்றாராம் அப்பா. “ஒரு தடவ சாப்ட்டுட்டு அப்புறம் திட்டுங்க மாமா” என்று மறுநாள் அவள் டப்பாவை நீட்டியிருக்கிறாள். திட்டிக்கொண்டே காலி செய்தாராம். அப்புறம் தினமும் ஒரு வழக்கு. அவள் லீவு போட்ட அன்றைக்கு டிரைவர் கரியப்பனிடம், “எங்கய்யா அந்தப் புள்ள?” என்று விசாரணை வேறு.

இன்று அத்திப்பள்ளி போய்ப் பெண் கேட்டுவிட்டோம். வைகாசியில் கல்யாணம். உனக்கு எப்போது லீவு என்று தெரிந்துதான் நாள் குறிக்க வேண்டும் என்கிறார் அப்பா.

என்னோடு இன்னும் பேசவில்லை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, வினோதாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஏம்மா, ஹைவேஸ்ல லாரிங்க கண்ணுமண்ணு தெரியாம வருது. அவன பைக்ல வர வேணான்னு சொல்லு. பஸ்ல மூணு பேர் உக்கார்ற சீட்டு இருக்கு.”

நானும் அவளைப் பார்த்தே சொன்னேன்: “சரின்னு சொல்லு.”

உன் தம்பி,
பூபதி