ஆமென் சொல்ல ஓர் ஆள்

கதவுக் கீல் மறுபடியும் கிரீச்சிட ஆரம்பித்துவிட்டது. மழையில் ஊறி, வெயிலில் காய்ந்து, கொடைக்கானலில் எந்தக் கதவுதான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறது! எனக்கு அது ஒரு பொருட்டில்லை. உன் மகளுக்குத்தான் ஆகவில்லை. யாராவது கதவைத் தொட்டாலே ரூபி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். சமையல் எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. அரிசி டப்பாவுக்குப் பின்னால் துழாவியபோது, உன் சாமான்களோடு வந்த ஜெப எண்ணெய் பாட்டில் கையில் அகப்பட்டது. மூடியைத் திறந்தேன். ஆலிவ் எண்ணெயும், யாரோ பக்தி முற்றிக் கலந்த ரோஸ் சென்ட்டும் சேர்ந்து குப்பென்று முகத்தில் அடித்தன. போன வருஷம் உன் மகளின் நெற்றியிலிருந்து கழுத்துவரை வழிந்த அதே வாசம்.

கீலுக்கு விட்டேன். கதவு அடங்கிவிட்டது. அந்த எண்ணெயால் இதுவரை நடந்த ஒரே சுகம் அதுதான். நீ இருந்திருந்தால், "யக்கா, அப்பிடிப் பேசாதீங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்திருப்பாய்.

இன்றைக்குக் காலையில் பாஸ்டரம்மா வந்துவிட்டுப் போனார். இந்த ஏப்ரலிலும் சபையில் ஆட்டிசம் ஜெபநாள் உண்டாம். "ரூபியக் கூட்டிட்டு வாங்க சிஸ்டர். பழசையெல்லாம் ஆண்டவர் மன்னிச்சுட்டார்" என்றார். யார் செய்ததை, யாருக்காக மன்னித்தார் என்று அவர் சொல்லவில்லை. ரூபி மட்டும் வாசலில் நின்று, "மன்னிச்சுட்டார், மன்னிச்சுட்டார்" என்று அவர் போன திசையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆட்டிசம் என்ற சொல்லை முதன்முதலில் நீ, நாம் வேலை பார்த்த ஹாஸ்டல் லாண்டரிக்குக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறது. ஹாஸ்டல் பிள்ளைகளின் படுக்கை விரிப்புகள் மழையில் காயாமல், இஸ்திரிப் பெட்டியால் அவற்றின் ஈரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவள், சேலை மாற்றக்கூட வீட்டுக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாய். "யக்கா, இவளுக்கு இருக்கிறதுக்குப் பேரு இருக்காம். ஆட்டிசமாம்." ஏதோ பட்டம் வாங்கி வந்தவள் போல இருந்தது உன் முகம். அதுவரை உன் மகளுக்கு ஊர் வைத்த பேர்கள் கிறுக்கு, ஊமை, சாபம். பூண்டு வேலைக்குக் கிளாவரை போய் அங்கேயே இன்னொரு குடித்தனம் வைத்துக்கொண்ட உன் புருஷன் வைத்த பேரை நான் எழுத மாட்டேன்.

ஊமை என்று சொன்னவர்களுக்குக் காது இல்லை. ரூபி நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருந்தாள். சொந்தமாக ஒரு சொல் கிடையாது, அவ்வளவுதான். நாம் பேசியது அவள் வாய்வழியே திரும்பி வரும், அதே குரலில், அதே ஏற்ற இறக்கத்தில். மேட்ரன் நம்மைத் திட்டிவிட்டுப் போனால், பத்து நாள் கழித்து மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருக்கும் ரூபியிடமிருந்து அதே திட்டு வரும். நாம் இருவரும் விழுந்தடித்துக்கொண்டு எழுந்து நிற்போம். பிறகு வயிறு வலிக்கச் சிரிப்போம்.

ஒன்றுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு லாண்டரிக் கொட்டகைக்குப் பின்னால் போய்விடுவாய். மழை பெய்தாலும் அங்கேதான். "இங்கன உக்காந்து சாப்பிட்டா என்ன கொறஞ்சா போவ?" என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். "வேற ஆளு முன்னால இவ சாப்பிட மாட்டா யக்கா" என்பாய். பிள்ளை சிந்திச் சாப்பிடுவதைக் காட்ட வெட்கப்படுகிறாய் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

உனக்கு இருந்தது ஒரே கேள்வி. துணி பிழியும்போதும் அதுதான், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அதுதான். "எனக்கு அப்புறம் இவளுக்கு யாருக்கா?"

அதனால்தான் போன வருஷம், 2008இல், சபை நோட்டீஸ் பலகையில் 'ஆட்டிசம் விழிப்புணர்வு ஜெபநாள்' என்று எழுதிப் போட்டதும் உனக்குத் தலைகால் புரியவில்லை. உலகமெல்லாம் அப்படி ஒரு நாள் வைத்திருக்கிறார்கள் என்று யாரோ பாஸ்டரையாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவரும் உபவாச ஜெபத்தோடு அதைச் சேர்த்துவிட்டார். நீ அவர் வீட்டுக்கே போய், "ஐயா, நான் கொஞ்சம் பேசிக்கிறட்டுமா? இந்த மாதிரிப் புள்ளைகளத் திடீர்னு தொடக் கூடாது, சத்தம் ஆகாது, எப்பிடிக் கூப்பிடணும்னு சபைக்கிச் சொல்லணும்" என்று கேட்டாய். "தாராளமா சிஸ்டர், சாட்சி நேரத்துல சொல்லுங்க" என்றார் அவர். அந்த வாரம் முழுக்க இஸ்திரி போட்ட சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, அவைதான் சபை என்று பேசிப் பழகினாய். "அத்தன பேருல ரெண்டு பேரு இவளப் புரிஞ்சுக்கிட்டாப் போதும் யக்கா. எனக்கு அப்புறம் ரெண்டு வீடு இருக்கும்ல." உனக்கு வேண்டியிருந்தது அற்புதம் இல்லை, இரண்டு வீடுதான்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே என்னையும் எழுப்பி இழுத்துக்கொண்டு போனாய். ரூபிக்கு நீல ரிப்பன் கட்டியிருந்தாய். தகரக் கூரைக்குக் கீழே டிரம்ஸ், கீபோர்டு, நம் மலைக்கே கேட்கும்படி இரண்டு ஸ்பீக்கர். விழிப்புணர்வு என்று ஒரு வார்த்தை யாரும் பேசவில்லை. இரண்டாம் பாட்டிலேயே ரூபி காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்குக் கீழே போய்விட்டாள். அதைப் பார்த்த பாஸ்டரம்மா, "சத்தம் கேட்டதும் உள்ள இருக்கிறது பயப்படுது பாருங்க" என்றார். மூன்று பெண்கள் அவளை இழுத்துக்கொண்டுபோய் முன்னால் நிறுத்தினார்கள். பாட்டிலைக் கவிழ்த்து எண்ணெயைத் தலையில் ஊற்றினார்கள். அவள் திமிறினாள். திமிறத் திமிற இன்னும் நாலு கை வந்து அழுத்தியது. நீ, "தொடாதீங்க, தொடாதீங்க" என்று கத்தினாய். அதையும் ஜெபம் என்றே நினைத்துக்கொண்டார்கள் போல, கூடவே கத்தினார்கள்.

பாஸ்டரையா மைக்கை வாயோடு வைத்துக்கொண்டு முழங்கினார். "ஊமை ஆவியே, வெளியே போ! வெளியே போ! சொல்லும்மா, ஆமென்!"

பயந்துவிட்டால் ரூபி கடைசியாகக் கேட்டதைச் சொல்வாள். அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இஸ்திரிப் பெட்டிக்குக்கூடத் தெரியும். சொன்னாள், கணீரென்று. "சொல்லும்மா, ஆமென்!"

கூரை பறந்துவிடும் போலச் சத்தம். அல்லேலூயா என்று குதித்தார்கள், அழுதார்கள், ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். ஊமை பேசிவிட்டதாம். ரூபியைப் பிடித்திருந்த ஒருத்தியின் மணிக்கட்டை நான் முறுக்கிவிட்டேன். அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. அந்த இரைச்சலில் உன் கையில் மைக்கைக் கொடுத்தார் பாஸ்டரையா. "சாட்சி சொல்லுங்க சிஸ்டர்! இந்த அற்புதத்துக்கு எல்லாரும் ஆமென் சொல்லட்டும்!"

மைக்கோடு ரூபியைத் திரும்பிப் பார்த்தாய். நீயும் ஓர் ஆமென் சொல்லியிருந்தால், உனக்கு வேண்டிய இரண்டு வீடு என்ன, சபையே உன் வீடாகியிருக்கும். அதை நீ யோசித்தாய் என்று உன் முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னாய்: "இல்லீங்கய்யா. இவ எப்பவும் பேசுவா. நாம சொல்றதத் திருப்பிச் சொல்லுவா. நீங்க 'கழுத'ன்னு சொல்லியிருந்தாலும் இவ 'கழுத'ன்னுதான் சொல்லியிருப்பா."

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரூபி, "கழுத" என்றாள். மைக் அணைந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆவிக்கு விரோதமாகப் பேசியவள் என்றார்கள். நீ உட்கார்ந்தால் பெஞ்சு காலியானது. கர்ப்பத்தில் என்ன பாவத்தை ஒளித்து வைத்தாய் என்று பாஸ்டரம்மா வீடு தேடி வந்து கேட்டார். ஒருநாள் ஆற்றாமல் உன்னிடம், "பேசாம ஆமென்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றேன். நீ விரிப்பை உதறி மடித்துக்கொண்டே, "அப்படியே ஆகட்டும்னு அர்த்தம்க்கா அதுக்கு. என்னத்துக்கு ஆகட்டும்னு தெரியாம எப்பிடிச் சொல்றது?" என்றாய். ஆடலூர் காபித் தோட்டத்து லயத்தில் பிறந்து, ஐந்தாவதோடு நின்றவள் நீ. அந்தப் பதில் எனக்குப் பெருமையாக இருந்தது. இப்போது அதை நினைத்தால் உன்னை அறையத் தோன்றுகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

மார்பில் கட்டி இருப்பதை நீ என்னிடம் காட்டியபோது அது ஏற்கெனவே முற்றியிருந்தது. "மதுரைக்குப் போ, ரூபிய நான் பாத்துக்கிறேன்" என்று மன்றாடினேன். "ஒங்க கையால அவ சாப்பிட மாட்டா யக்கா" என்று ஒரே பல்லவி. "ஊட்டி விடறேன், கெஞ்சறேன், உனக்கென்ன?" என்றால், "சாப்பிட மாட்டா" என்பாய், முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்த ஒரே காரணத்துக்காகப் போகாமலே இருந்து, ஐப்பசி மழையில் செத்தும் போனாய்.

உன் அடக்கத்துக்கு பாஸ்டரையா வந்தார். வராமல் இருந்தால் ஊர் பேசும். பெட்டியின் தலைமாட்டில் நின்று, அவிசுவாசத்தின் பலன் என்று ஆரம்பித்தார். அப்போதுதான் ரூபி வாயைத் திறந்தாள். அவர் குரலேதான், மைக் இரைச்சல்கூட அதில் இருந்தது. "ஊமை ஆவியே, வெளியே போ! வெளியே போ!" உன் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். பாஸ்டரையா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஜெபத்தை வெரசா முடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். நான் சிரித்தேன். குழியில் நீ, கரையில் என் சிரிப்பு. பிறகு எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

பாச்சலூரிலிருந்து வந்த உன் தம்பி, "வயசுக்கு வரப்போற புள்ள, எங்க வீட்டுல ஆம்பளப் பசங்க இருக்காங்க, சரிப்படாதுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினான். கை காட்டவும் இல்லை. ரூபியை நான் கூட்டி வந்தேன்.

நீ சொன்னது உண்மைதான். அவள் சாப்பிடவில்லை. துக்க வீட்டில் கொடுத்ததையும் தொடவில்லை, என் வீட்டில் கொடுத்ததையும் தொடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது, கஞ்சித் தட்டை இடையில் வைத்து எதிரே உட்கார்ந்தேன். ரூபி என் துண்டை எடுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். கண்ணை மூடினாள். உன் குரல் வந்தது.

"ஆண்டவரே, இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும். எனக்கு முந்தி இவளை எடுத்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில்." அப்புறம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

கொட்டகைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ ஜெபிக்க, அவள் ஆமென் சொல்ல, பிறகு சோறு. அர்த்தம் தெரியாமல் ஆமென் சொல்லக் கூடாது என்று சபை நடுவில் நின்றவள், பெற்ற பிள்ளையை, அவள் சாவுக்கு அவளே ஆமென் சொல்லப் பழக்கியிருக்கிறாய், மூன்று வேளையும். அதை நான் கேட்டுவிடக் கூடாது என்றுதான் மதுரைக்குப் போகவில்லை. பாவி, என்னிடம் சொல்லியிருந்தால் நான் உன்னை ஏசியிருப்பேன், அவ்வளவுதானே! ஏசிவிட்டு பஸ் ஏற்றிவிட்டிருப்பேனே!

நான் ஆமென் சொல்லவில்லை. கஞ்சி ஆறி ஆடை கட்டியது. அவள் தொடவில்லை. வார்த்தையை மாற்றிப் பார்த்தேன், "இவளைக் காப்பாற்றும்" என்று. தலையில் அடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினாள். பசியில் அவள் உதடு வெடித்திருந்தது. கடைசியில் ஆமென் என்றேன். உடனே குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

இப்போது தினமும் சொல்கிறேன். ஒருநாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உறைத்தது: அவள் வாயில் 'எனக்கு' என்றால் அவள், 'இவளை' என்றால் எதிரே இருக்கும் நான். உன் மகள் வேளாவேளைக்கு என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறாள்! அன்றைக்கு நிம்மதியாக, சத்தமாக ஆமென் போட்டேன். தட்டைக் கழுவும்போதுதான் அடுத்தது உறைத்தது. நான் போய்விட்டால், அடுத்த வேளைக்கு ஆமென் சொல்ல யார்? எனக்கு உன்னைவிட வயது அதிகம். முழங்கால் போய்விட்டது. பாஸ்டரம்மா கூப்பிடும் அந்தச் சபையில் அவளை எப்படித் தொட வேண்டும் என்று தெரிந்தவர் இன்றைக்கும் ஒருவர் இல்லை.

உன்னை ஏசிக்கொண்டேதான் இதை எழுதத் தொடங்கினேன். ஆனால் சாயங்காலம் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது என் உதடு தானாக அசைந்தது. என்ன சொல்கிறேன் என்று கவனித்தேன். உன் ஜெபம்தான், ஓர் எழுத்து மாறாமல். என் வாயில் 'இவளை' என்றால் ரூபி. கொஞ்ச நாளாகவே சொல்கிறேன் போலிருக்கிறது. ரூபி பக்கத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் வராமல் சொல்லப் பழகியிருக்கிறேன். அது அவள் காதில் விழுந்துவிட்டால், எனக்குப் பிறகு யாராவது ஒருத்தி அவளுக்குக் கிடைத்தால், என் குரலில் ரூபி திருப்பிச் சொல்வதற்கும் அந்த ஒருத்தி ஆமென் சொல்ல வேண்டியிருக்கும்.