மனு எண் 31: சுருக்கம்

நாள் 212, 09:10
வியாழனின் நிலவான கலிஸ்டோவில் சுரங்கத் தளம். பதிபவர்: சுருக்க அலுவலர் கோமதிநாயகம். காற்று, மின்சாரம், என் பசி எல்லாம் சீர்.
இங்கிருந்து பூமிக்கு ஒரு நாளைக்கு இருபது சொல்தான் அனுப்பலாம். அறுபத்து மூன்று பேரின் பாடுகளையும் அதற்குள் அடக்குவது என் வேலை. விதி இரண்டே. மையக் கருத்தைப் பிடிக்க வேண்டும். சொந்தக் கருத்தைச் சேர்க்கக் கூடாது.
இன்று வெல்டர் பேச்சிக்கனி மனு எண் 31 கொண்டுவந்தார். பதினோரு பக்கம். புளித்த சோறு, உப்பில்லாத பருப்பு, கண்ணிலேயே படாத ஊறுகாய். ஏழாம் பக்கத்தில் மட்டும் நான்காம் சுரங்கக் கதவின் ரப்பர் வெடித்திருப்பதாக இரண்டு வரி. எது அதிகம் பேசப்படுகிறதோ அதுதானே மையம்? அனுப்பினேன்: "மனு 31: உணவுத் தரம் குறித்து அதிருப்தி. ஊறுகாய் கோரிக்கை."
பதினோரு பக்கம், எட்டே சொல். எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

நாள் 219, 11:40
நான்காம் சுரங்கக் கதவு பிய்ந்தது. உள்ளே ஐந்து பேர். காற்று வெளியேறிய வேகத்தில் கதவிடுக்கு வழியாக உறிஞ்சப்பட்டார்கள். இடுக்கின் அகலம் ஒரு சாண். பேச்சிக்கனியின் தம்பி இசக்கிராஜாவைக் கையுறையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். கையுறைக்குள் கை இருந்தது.

நாள் 219, 15:05
கதவுச் சாவுகளுக்கு நியாயம் கேட்டு உணவுக்கூடத்தில் சண்டை. காவலர்கள் ஆணித் துப்பாக்கியால் சுட்டார்கள். வெல்டர்கள் இரும்புக் கம்பியோடு பாய்ந்தார்கள். கேமராவில் ஒரு காவலனின் தாடை தனியாகத் தொங்குவதைப் பார்த்தேன். கலவரத்தில் மட்டும் பதினொரு பிணம். இருபத்திரண்டு பேருக்குக் காயம். கதவு வழியே போனதுபோக மிச்சக் காற்று ஒன்பது நாளுக்குத்தான் வரும். மருத்துவக் கப்பல் எட்டு நாள் தூரத்தில் இருக்கிறது. பூமி வழியாக அதை அழைக்கும் சாவி என் ஒருவனிடம்தான்.
மேலாளர் வில்வநாதன் உள்தொடர்பில்: "கோமதி, வன்முறைக் கும்பல் தாக்கிடுச்சு, ஆயுதப்படை வேணும்னு அனுப்பிருய்யா. உன் பேரு எதுலயும் வராம நான் பாத்துக்கிடுதேன். இல்லன்னா என் ஆளுக அங்க வருவானுவ."
அடுத்து பேச்சிக்கனி: "அண்ணாச்சி, கதவுன்னு மேல எழுதுனா மேலாளர் கிழிச்சுப் போட்டுருவாருன்னுதான் சோத்துக் கதைக்குள்ள பொதிஞ்சு வச்சோம். நீங்க ஒருத்தராவது முழுசாப் படிப்பீயன்னு நம்புனோம். படிச்சியளா, இல்லியா?"
படித்தேன். அதுதான் கொடுமை. படித்துவிட்டுத்தான் வெட்டினேன்.

நாள் 219, 16:20
மேலாளரின் ஆட்கள் என் அறைக் கதவை அறுக்கிறார்கள். ஒரு ஆணி கதவைத் துளைத்து என் வலது தோளில் இறங்கிவிட்டது. இடது கையால் தட்டுகிறேன். விசைப்பலகை முழுக்க ரத்தம், விரல் வழுக்குகிறது.
இன்றைய இருபது சொல்:
"மனு 31 உணவு பற்றியதல்ல, பழுதான கதவு பற்றியது. அலுவலர் கோமதிநாயகம் தவறாகச் சுருக்கினார். ஐவர் மரணம். கலவரத்தில் பதினொருவர் பலி. மருத்துவக் கப்பல் உடனே அனுப்புக."
முதலில் 'பாவி கோமதிநாயகம்' என்று அடித்தேன். பாவி என்பது சொந்தக் கருத்து. விதிப்படி நீக்கினேன்.
அனுப்பியாயிற்று. பதில் வர ஒன்றரை மணி நேரம். மேசை, அலமாரி, கட்டில் எல்லாவற்றையும் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

நாள் 219, 17:50
பூமியிலிருந்து பதில்:
"தானியங்கி வரவேற்பகம். உங்கள் செய்தியின் சாரம்: மனு 31, உணவு, தொடர் புகார். ஆதாரம்: அலுவலர் கோமதிநாயகத்தின் முந்தைய சுருக்கம், நம்பகத்தன்மை நூறு விழுக்காடு. நாள் 290 சரக்குக் கப்பலில் ஊறுகாய் நாற்பது கிலோ வரும்."
அடப்பாவி இயந்திரமே. நான் செய்ததைத்தான் அதுவும் செய்திருக்கிறது.
இன்றைக்கு இனி ஒரு சொல்கூடப் போகாது.

நாள் 219, 17:56
என் கதவின் மேல் தாழ் அறுந்து விழுந்துவிட்டது. இதைக் கண்டெடுப்பவருக்கு: மனு என் இழுப்பறையில் இருக்கிறது. ஏழாம் பக்கம். தயவுசெய்து

நாள் 219, 17:58
பேச்சிக்கனி: "அண்ணாச்சி, பூமியில இருந்து என்ன சொன்னாவ? சுருக்கமாச் சொல்லுங்க, இங்க ஒவ்வொருத்தனா செத்துக்கிட்டிருக்கான்."
ஒரே சொல்லில் அடங்கிவிடும்: ஊறுகாய். அறுக்கும் சத்தம் நின்றுவிட்டது. கீழ்த் தாழும் விழுந்தது.