பதினோரு ஆடுகளுக்குப் புண்ணாக்கு

அக்டோபர் 7, செவ்வாய்

நிர்மலாவின் ஆடு ஒன்று இன்று காலை செத்தது. ஒரே மாதத்தில் மூன்றாவது. மிச்சம் பதினொன்று. மொத்தமாக விற்றுவிடுகிறேன், வந்து பாருங்கள் என்று போன். போனேன். ராத்திரியெல்லாம் தூறல். சுரங்கத் தொழிலாளிகளின் மைன்ஸ் லைன் வீடுகளுக்குப் பின்னால் புல் முழங்கால் உயரம்.

ஆடுகள் வெறும் எலும்பு. மயிர் சிலிர்த்து நிற்கிறது, வாலெல்லாம் கழிச்சல். இரண்டுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துப் பை மாதிரி தொங்கல். கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகித வெள்ளை. குடல்புழு ரத்தம் குடிக்கிறது. இதில் சினை ஐந்து.

நின்ற இடத்திலேயே கணக்கு போட்டுவிட்டேன். பாதி விலைக்கு வாங்கு, என் கடைத் தீனியைப் போட்டுத் தேற்று, கிறிஸ்துமஸுக்குத் தள்ளு. விலை சொன்னேன். சிரித்தாள்.

"இந்த எலும்ப வாங்கினு போய் இன்னா பண்ணுவீங்கண்ணா?"

"தீனி போட்டுத் தேத்துவேன்."

"ஒங்க ஊட்ல தின்னா தேறும், எங்க ஊட்ல தின்னா தேறாதா?"

சைக்கிளில் புண்ணாக்கு மூட்டை கட்டி விற்ற காலத்திலிருந்து வியாபாரம் செய்கிறேன். இப்படி யாரும் மடக்கியதில்லை.

பத்து வருஷம் விடியுமுன் ரயிலேறி, பெங்களூர் ஆபீஸில் தரை துடைத்தவள். அதிலிருந்து தப்பிக்கத்தான் இந்த ஆடுகள். சூப்பர்வைசர் மறுபடி கூப்பிடுகிறாராம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். ஆடு போனால் ரயில்தான். விலையை விட்டுவிட்டு, நாளைக்கு டாக்டரிடம் போகலாம் என்றேன்.

அக்டோபர் 8, புதன்

நி.யோடு கால்நடை ஆஸ்பத்திரி. புழுக்கை பிளாஸ்டிக் கவரில். மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு டாக்டர், "ஹொட்டெ தும்பா ஹுளு" என்றார் கன்னடத்தில். வயிறு நிறையப் புழு.

மருந்து கொடுத்தாயா என்று கேட்டார். மூன்று தடவை கொடுத்தாளாம், ஒரு பாட்டிலை எல்லாவற்றுக்கும் பங்கு போட்டு. அரைகுறை மருந்தில் புழு சாகாது, பழகிக்கொள்ளும் என்றார். ரொம்ப வெளுத்ததுக்கு மட்டும், எடை போட்டு, முழு அளவு. மற்றதுக்கு முதலில் வயிற்றுக்குப் போடு. புண்ணாக்குச் சத்து உள்ளே போனால்தான் புழுவோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பு. சினையும் குட்டியும் முக்கியம்.

கிளம்பும்போது நி. தன் இமையை இழுத்துக் காட்டி, "என்னுதையும் பாருங்க சார்" என்றாள். விளையாட்டுக்குத்தான். டாக்டர் சிரிக்கவில்லை. ஆடும் நீயும் ஒண்ணுதான், நாளைக்கே மனுஷங்க ஆஸ்பத்திரிக்குப் போ என்றார்.

நி. வீட்டில் இறக்கியது:
கடலைப் புண்ணாக்கு – 2 மூட்டை
கோதுமை பூசா (தவிடு) – 3 மூட்டை
தாது உப்பு – 1 பை
வேர்க்கடலை 2 கிலோ, வெல்லம் 1 (இது நி.க்கு. ஆட்டுக்கு இல்லை என்று சொல்லியாயிற்று.)

விலை பேசாமல் மூட்டை இறக்கியது இதுவே முதல் தடவை. அப்புறம் பேசிக்கலாம் என்றேன். நான்தானா சொன்னேன்?

என் சுகர் மாத்திரை வாங்க மறதி.

அக்டோபர் 10, வெள்ளி

காலையில் நி. போன். கெடா சாகக் கிடக்கிறது.

அவள் மாமனார் செய்த வேலை. நைனாவுக்கு எழுபது. முப்பது வருஷம் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை. இப்போது ஆடு மேய்ப்பது அவர்தான். பூசாவைத் தரையில் ஒரே குவியலாகக் கொட்டிவிட்டார். பெரிய கெடா எல்லாவற்றையும் முட்டித் தள்ளி, தானே தின்று, வயிறு தவில் மாதிரி. கடலை எண்ணெயில் சோடா உப்பு கலக்கி ஊற்றி நடக்க விட்டோம். பிழைத்தது. சினை ஆடுகளுக்கு ஒரு வாய் கிடைக்கவில்லை.

பழைய பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, ஆட்டின் நெஞ்சு உயரத்தில் கட்டினேன். தரையில் தின்றால் புழுக்கையும் சேர்ந்து உள்ளே போகும். சினைக்குத் தனித் தடுப்பு. தலைக்கு ஒரு கைப்பிடி புண்ணாக்கு, இரண்டு பூசா. மெல்லத்தான் ஏற்ற வேண்டும்.

கடைத் தராசு முத்திரைக்குப் போக வேண்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

சினை ஆடு ஒன்று போய்விட்டது. வயிற்றில் இரண்டு குட்டி. நைனா குழி வெட்டினார்.

மருந்து போட்டோம், தீனி போட்டோம், இன்னும் கழிச்சல் நிற்கவில்லை. ஏன்? பேத்தமங்களாவுக்குத் தீனி லோடு கொண்டுபோகக் காலை ஆறுக்கே அந்த வழியாகப் போனேன். பட்டி காலி. ஆடெல்லாம் பனி சொட்டும் புல்லில். டாக்டருக்கு போன். ஈரத்தில்தான் புழுக்குஞ்சு புல் நுனிக்கு ஏறும், வெயில் ஏறினால் இறங்கிவிடும் என்றார்.

"நைனா, ஏன் ஆறு மணிக்கே தொறக்கறீங்க?"

"ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஆறுதானேப்பா. வெயில் வந்தப்புறம் கெளம்பினா அது வேலைக்குப் போறதா, கண்ணாலத்துக்குப் போறதா?"

சுரங்கம் மூடி எத்தனையோ வருஷம். இந்தப் பட்டிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை.

"இனிமே ஒம்போதரை. ஜெனரல் ஷிப்ட்."

"அது கிளார்க்குங்களுக்கு."

"ஒங்க ஆட்டுக்கு புரமோஷன்னு வெச்சுக்கோங்க."

முறைத்தார். பிறகு குழிப் பக்கம் பார்த்தார். "அப்ப நான்தான் கொன்னேனா?" என்று கேட்டார். நான் புழு நைனா, புழு என்றேன். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். லோடு லேட்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி நேற்று முடிந்தது. வியாபாரம் சுமார். லாரி தார்ப்பாய் ஒழுகி ஒரு மூட்டை நாசம்.

நைனா ஒன்பதரை வரை பட்டிக் கதவில் சாய்ந்து நிற்கிறாராம், வாட்ச் கட்டிக்கொண்டு. அதற்குள் ஆடுகள் குழாயில் தின்று முடித்துவிடும். பாதி வயிறு நிறைந்து போவதால் புல்லை அடியோடு கரண்டுவதில்லை. இது நல்லது.

அக்டோபர் 31, வெள்ளி

இமை பார்த்தேன். ஏழுக்கு ரோஸ். மூன்று இன்னும் வெளுப்பு. தாடை வீக்கம் எதற்கும் இல்லை. புழுக்கை உருண்டை உருண்டையாக. இதைப் பார்த்துச் சந்தோஷப்படும் ஆளாகிவிட்டேன்.

சூப்பர்வைசருக்கு இன்றுதான் கடைசி நாள். நி. போனைக் கையில் வைத்துக்கொண்டு, "தேறுமாண்ணா, நெசமா சொல்லுங்க" என்றாள். சத்தியம் பண்ண நான் டாக்டர் இல்லை. என் ஆடாயிருந்தா இப்ப விக்க மாட்டேன் என்றேன். என் முன்னாலேயே போன் போட்டு, வரலை சார் என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

தப்பாகிப் போனால்?

நவம்பர் 16, ஞாயிறு

நான்கு சினையும் ஈன்றாயிற்று. ஏழு குட்டி. ஒன்று நிற்கவில்லை, முந்தாநாள் போய்விட்டது. ஆறு முட்டி முட்டிக் குடிக்கிறது. தாய்க்குப் பால் இருக்கிறது. நி. முகத்திலும் ரத்தம். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்பு மாத்திரை தின்கிறாளாம். கடலையில் பாதியை நைனா தின்றுவிட்டாராம்.

விலை பேச உட்கார்ந்தோம். நான் மூன்று குட்டி கேட்டேன்.

"மூணா? பாதி விலைக்கி பதினொண்ணையும் கேட்ட ஆளாச்சே நீங்க. ஒண்ணு."

"புண்ணாக்கு என்ன வெல விக்குது தெரியுமா?"

"அந்தக் கொழாய் எங்க மாமனாரு வெச்சிருந்தது. அதுக்கு நீங்க இன்னா குடுத்தீங்க?"

நைனா நடுவில் வந்து, ரெண்டு, முடிங்க என்றார்.

முடிந்தது: மூட்டைக்குக் காசு இல்லை. குட்டிகள் பால் மறக்கும் வரை தீனி நான் தர வேண்டும். மாசியில் எனக்கு இரண்டு கெடாக் குட்டி. பொறுக்குவது அவள். காலிச் சாக்கு என்னுடையது.