வலக்கை, இடக்கை, இயற்கை

ஜூன் 7, சனி

கல்லூரித் தமிழாசிரியன், தன்னிடம் படித்தவனிடமே துறைத் தலைவர் நாற்காலியைப் பறிகொடுத்தவன், தலை நரைத்தவன். அப்படிப்பட்ட ஒருவன் இன்று காலை பூங்காவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். அவன் நான்தான்.

எல்லாம் குட்டிக்காக. ஐந்து வயது. நானும் அவள் அம்மாவும் பிரிந்த பிறகு சனிக்கிழமை மட்டும் என் பங்கு. போன மாதம்வரை பெரிய கடைகளுக்குக் கூட்டிப் போனேன். நகரும் படிக்கட்டில் ஏறினோம், இறங்கினோம். வீட்டுக்குப் போய் "போர்" என்றாளாம். அவள் அம்மாதான் பூங்காவில் சனிக்கிழமைதோறும் நடக்கும் இந்தக் குடும்ப இயற்கை நடையில் எங்கள் பெயரைப் பதிவு செய்தாள். "பிடிக்குதான்னு பாருங்க. அவளுக்கு இஷ்டமில்லைன்னா நான் கட்டாயப்படுத்தி அனுப்ப மாட்டேன்." நீதிபதிகூட இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

நடத்துகிறவர் வாரநாட்களில் பல் டாக்டர். எதற்கெடுத்தாலும் "மெதுவா, மெதுவா" என்கிறார். மெதுவக்கா என்று பெயர் வைத்துவிட்டேன். வாசலில் கட்டியிருந்த பேனரில் "இயற்க்கை நடை". நடுவில் ஒரு க் அதிகம் என்று சுட்டிக்காட்டினேன். "அப்படியா சார்? மெதுவா மாத்திடலாம்."

பேசாமல் நடந்து, காதில் விழுவதைக் கவனிக்க வேண்டுமாம். எனக்கு என் மூட்டுச் சத்தம்தான் விழுந்தது. பிறகு மெதுவக்கா, "இப்ப எல்லாரும் இயற்கையைத் தொட்டுப் பாருங்க" என்றார். குட்டி தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இது வலக்கை. இது இடக்கை. இயற்கை எது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். "அது கையே இல்லைம்மா. 'இயல்'கூட 'கை'ன்னு ஒரு விகுதி சேந்திருக்கு. வாழ்க்கை, செய்கை மாதிரி" என்று விளக்கினேன்.

"சரிங்கப்பா." கைகள் இரண்டும் சட்டைப் பைக்குள் போயின.

அம்மாவிடம் "போம்மா, நீ சும்மா இரு" என்கிறவள். என்னிடம் மட்டும் வங்கி கவுண்டர் மரியாதை. ஏன்?

ஜூன் 9, திங்கள்

அவள் அம்மா போன் செய்தாள்.

"அவகிட்ட என்ன சொன்னீங்க? கையை வெளியவே எடுக்க மாட்டேங்குறா. இது கையே இல்லைன்னு அப்பா சொல்லிட்டாருன்னு அழுவுறா."

"விகுதியைச் சொன்னேன்."

"அஞ்சு வயசுப் பொண்ணுகிட்டயா? இங்க பாருங்க, வரேன்னு அவளே சொன்னாதான் இந்த சனிக்கிழமை அனுப்புவேன்."

நான் சொன்னது சரிதானே? சரிதான். சரியாகச் சொல்லிச் சொல்லியே இந்த ஒரு நாளும் போய்விடுமோ? மச்சான் கேள்விப்பட்டால் விழுந்து விழுந்து சிரிப்பான். எங்கள் கல்யாணத்தில் என் தலைப்பாகையைப் பார்த்து அவன் சிரித்த கணக்கே இன்னும் பாக்கி இருக்கிறது.

ஜூன் 13, வெள்ளி

வருகிறாளாம். எனக்காக இல்லை. அட்டையில் இலை ஒட்டலாம் என்று மெதுவக்கா சொல்லியிருந்தாராம். அந்தப் பசை நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 14, சனி

உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டு மேசைக்கு வந்தோம். யாருக்கு என்ன தோன்றுகிறதோ அதை ஒட்டலாம். பக்கத்து மேசையில் ஒரு நீச்சல் கோச், தன் பிள்ளைகளோடு தோகை விரித்த மயிலே செய்துகொண்டிருந்தார். முதல் வாரத்திலிருந்தே எனக்கு அந்த ஆளைப் பிடிக்கவில்லை. குட்டியின் கைகள் இன்னும் பைக்குள்.

"குட்டி, இயற்கை எந்தக் கைன்னு எனக்கும் குழப்பமா இருக்கு. கொஞ்சம் பாத்துச் சொல்றியா?"

"நீங்கதான கையே இல்லைன்னு சொன்னீங்க."

"தப்பா சொல்லிட்டேன்."

பொய். படித்த படிப்பெல்லாம் உள்ளே நின்று முறைத்தது. முறைக்கட்டும்.

ஒரு கை வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. என் கைகளை டாக்டர் மாதிரிப் புரட்டினாள். வலக்கை நடுவிரலில், விடைத்தாள் திருத்தித் திருத்தி வந்த பேனா காய்ப்பு. அதை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது தப்புப் போடுற கை" என்றாள். இடக்கையைத் தூக்கினாள். "இது என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. சும்மா இருக்கும்."

"அப்ப இதான் இயற்கை!"

அதை அட்டைமேல் பரப்பி, சுற்றிக் கோடு இழுத்தாள். பென்சில் விரல் இடுக்கில் போனபோது கூச்சம் தாங்காமல் நெளிந்தேன்.

"ஆடாதப்பா! கோணலா போகுது பாரு!"

ஆடாதப்பா. 'ங்க' இல்லை! கெடுதல் விகாரம் இவ்வளவு இனிக்கும் என்று எந்த வகுப்பிலும் நான் நடத்தியதில்லை.

எங்கள் அட்டை மயிலைவிட நன்றாக வந்தது. பாரபட்சமில்லாமல் எழுதுகிறேன்.

ஜூன் 21, சனி

மழை. நடை கிடையாது. வானத்தின் மேல் எங்கே புகார் கொடுப்பது?

ஜூன் 28, சனி

தாமதமாகிவிட்டது. என் தவறில்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்க் கடையில் புதுப் பலகை: "இங்கு நகல் எடுக்கபடும்." ப் எங்கே என்று கேட்டேன். கடைக்காரர், "தனியா ஒரு ப் போட எவ்ளோ சார் ஆகும்?" என்றார். விட முடியுமா? வாதம் முடிவதற்குள் பேருந்து போயிற்று.

சரி, என் தவறுதான்.

பூங்கா வாசலில் குட்டியும் அவள் அம்மாவும் மட்டும். மற்றவர்கள் உள்ளே போய்விட்டிருந்தார்கள். குட்டியின் தலையில் தொப்பி, தோளில் பை. அவள் முகம் இருந்த இருப்பை என்னவென்று சொல்ல? என் மூஞ்சியை வெளியே நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

"எங்க போன நீ? எல்லாரும் போயிட்டாங்க. உன்கூட டூ!"

நடை முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் என் பக்கத்திலேயே வந்தாள். மெதுவக்கா எங்களை நிறுத்தி எல்லாருக்கும் காட்டினார். "அப்பாவும் பொண்ணும் எவ்ளோ அமைதியா நடக்கறாங்க பாருங்க. இதைத்தான் நான் சொல்லிட்டே இருக்கேன்." நீச்சல் கோச்சும் பார்த்தார். நிமிர்ந்து நடந்தேன்.

வழவழப்பான கல் ஒன்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். ஓர் இறகு கொடுத்தேன். அதையும் வாங்கிக்கொண்டாள். டூ மட்டும் அப்படியே. லேசில் மறக்கிற ரத்தமா?

திரும்பி வந்தபோது அவள் அம்மா வாசலில் நின்றாள். நான் பக்கத்திலேயே நிற்க, குட்டி அம்மாவிடம் சொன்னாள்: "அடுத்த சனிக்கிழமை அப்பாவை சீக்கிரம் வரச் சொல்லு."

அவள் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "சீக்கிரம் வரணுமாம்."

"வந்துடறேன்னு சொல்லு" என்றேன்.