இரண்டு சிப், ஒரு ஜோடிக் கால்

ஜனவரி 6, செவ்வாய்

காலை ஆறரைக்கு ஆய்வகக் கதவைத் திறந்தால் வாசலில் ஏழு பேர் வெறும் வயிற்றோடு நிற்கிறார்கள். ஏழும் எங்கள் ஓட்டக் குழு. மாரத்தானுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். எல்லோருக்கும் திடீரென்று சொந்த ரத்தத்தின் மேல் அக்கறை வந்துவிட்டது. ஊசி போடும்போது மற்றவர்கள் சுவரைப் பார்ப்பார்கள். இவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், நாடித்துடிப்பு எவ்வளவு ஏறுகிறது என்று. யாருக்கு எது கூடுதல், யாருக்கு எது குறைவு என்பதெல்லாம் எனக்கு அத்துபடி. தொழில் தர்மம், இங்கேகூட எழுத மாட்டேன். கேப்டனின் யூரிக் ஆசிட் மட்டும் — சரி, வேண்டாம்.

கேப்டன் என்பவர் எங்கள் குழுத் தலைவர், பல் டாக்டர். ஒன்பது வருடம் விடாமல் முழு மாரத்தான் முடித்தவர். இது பத்தாவது. பத்து முடித்தால் மேடைக்குப் பக்கத்தில் வைக்கும் பலகையில் பெயர் ஏறும். இப்போது முட்டிவலி என்று கேள்வி. யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, நான் உட்பட.

எனக்கு இது முதல் முழு. வயது ஐம்பத்தொன்று. தூரம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். "அவ்ளோ தூரம் போகணும்னா நான் வண்டியிலயே ரெண்டு தடவ யோசிப்பேன்" என்கிறார். இரண்டு வருடமாக ஓடுகிறேன். ஆறு மணி நேரத்துக்குள் முடித்து, முடித்தவர்கள் பட்டியலில் என் பெயரைப் பார்க்க வேண்டும். வேறு ஆசை இல்லை. இருந்தால் இந்த வயதில் இதையா பிடித்துக்கொள்வேன்?

ஜனவரி 11, ஞாயிறு

முப்பது கிலோமீட்டர் ஓடினேன். குழுவினர் பதினைந்து ஓடிவிட்டு முக்கால் மணி நேரம் படம் எடுத்துக்கொண்டார்கள். குதிப்பது போல ஒரு படம். குதிக்கத் தெம்பு மிச்சமிருந்தால் இன்னும் ஐந்து கிலோமீட்டர் ஓடியிருக்கலாமே?

இந்தக் கூட்டத்தில் யாரும் யாரையும் நலமா என்று கேட்பதில்லை. "கிலோமீட்டருக்கு எத்தன நிமிஷம்?" என்பதுதான் நல விசாரிப்பு. எட்டரை என்றால், பக்கவாதம் வந்தவரைப் பார்ப்பது போல ஒரு பார்வை. "நீங்க ஓடறதே பெரிய விஷயம்கா" என்று தோளில் தட்டல். தட்டிய கையை இன்னும் நினைவு வைத்திருக்கிறேன். ஒரு நாள் ரத்தம் கொடுக்க அந்தக் கை வரும்.

வலி தற்காலிகமானது என்று தினமும் காலை நாலரைக்கு ஒருவர் வாட்ஸப்பில் அனுப்புகிறார். அவர் இதுவரை ஐந்து கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

ஜனவரி 17, சனி

கால் நகம் வெட்டினேன். வேறு எதையும் எழுதக் கை ஓடவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

முடித்துவிட்டேன். முடித்துவிட்டேன். படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து எறும்பு ஊர்ந்தது போல இருக்கிறது, பரவாயில்லை.

ஐந்து மணிக்குத் தொடங்க வேண்டியது. கொடியசைக்க வேண்டிய பெரிய மனிதர் எழுந்து வர ஐந்து இருபது. அதுவரை மேடையில் ஒரு பெண் எங்களைக் கைதட்டிக் குதிக்க வைத்தாள். ஆபரேஷனுக்கு முன்னால் நோயாளியைக் கயிறு தாண்டச் சொல்வது போல.

கேப்டன் என்னைத் தேடி வந்து இடுப்பில் கட்டும் சின்னப் பை ஒன்றைக் கொடுத்தார். "உப்பு மாத்திரை இருக்கு. தள்ளாடினா மட்டும் திறங்க. சும்மா திறந்தா காத்துப் பட்டு வீணாயிடும்." மனிதர் எவ்வளவு நல்லவர். முட்டிவலி என்று வம்பு பேசினேனே, என் நாக்கில் ஊசி போட வேண்டும். புறப்பட்டதும் என்னைத் தாண்டி முன்னால் ஓடி மறைந்துவிட்டார்.

முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் பின்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டது. கடைசி ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற வேன். ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஏறிக்கோங்கம்மா, ஏசி போட்டிருக்கேன்" என்றார். வீட்டில் ஒரு ஏசிக்காரர் போதாதா? ஏழு கிலோமீட்டரும் அதே பாட்டு. கடைசியில் என்னவோ கத்தினேன். நல்ல வார்த்தை இல்லை.

வந்து சேர்ந்தபோது முடிவுக் கோட்டில் நின்ற காற்றடைத்த வளைவு பாதி சாய்ந்துவிட்டது. ஊதும் மெஷினைப் பதினோரு மணிக்கே நிறுத்திவிட்டார்களாம். மணி பதினொன்று பன்னிரண்டு. எனக்கு இன்னும் எட்டு நிமிடம் பாக்கி இருந்தது. பெரிய மனிதர் தூங்கிய இருபது நிமிடத்தை எங்களிடம்தான் பிடித்துக்கொண்டார்கள். போட்டோக்காரர் இல்லை. தண்ணீர் இல்லை. ரப்பர் துணிக்கு அடியில் குனிந்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து, தரையில் கிடந்த நேரப் பாயை மிதித்தேன். ஷூவில் கட்டியிருந்த, ஓடிய நேரத்தைப் பதியும் சிப் 'கீ' என்றது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டது போல இருந்தது. எனக்குத்தான் காது அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கேப்டன் அங்கே நின்றார், பனியன் முழுக்க நனைந்து. "பையைக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டார். ஒரு மாத்திரைகூட எடுக்கவில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

ஜனவரி 19, திங்கள்

மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினேன். பட்டியல் வந்துவிட்டது: ஐந்து மணி ஐம்பத்திரண்டு நிமிடம் நாற்பத்தொரு விநாடி. என் பெயரை மட்டும் பார்த்தேன், பதினாறு முறை. வீட்டுக்காரர் அதை அச்செடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார். "ரெண்டு டன் மெஷின் மாதிரி ஓடியிருக்க" என்றார். அவர் வாயிலிருந்து வந்தால் அது பாராட்டு.

ஜனவரி 22, வியாழன்

என் பெயர் இல்லை.

திரும்பத் திரும்பத் தேடினேன். அந்த இடத்தில் 'ரத்து' என்று இருக்கிறது. எதற்கு? யாரைக் கேட்டு?

ஜனவரி 23, வெள்ளி

அரை நாள் விடுப்புப் போட்டு மாரத்தான் அலுவலகத்துக்குப் போனேன். ஒருங்கிணைப்பாளர் வயது முப்பது இருக்கும். மேஜை மேல் ஆறு வகை பிஸ்கட். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க மேடம். பத்து, இருபத்தொண்ணு, முப்பது, முப்பத்தஞ்சு — எல்லாப் பாயிலயும் ரெண்டு சிப் ஒரே செகண்ட்ல போயிருக்கு. ரெண்டு பேர் நாப்பத்திரண்டு கிலோமீட்டரும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஓட முடியுமா? ஒருத்தர்தான் ரெண்டையும் தூக்கிட்டு வந்திருக்கணும்."

இன்னொரு சிப் யாருடையது என்று பார்த்தேன். கேப்டன்.

பை. உப்பு மாத்திரை. காற்றுப் பட்டால் வீணாகிவிடும்.

"அவர்கிட்ட போன்ல கேட்டோம் மேடம். நீங்க பத்து கிலோமீட்டருக்கு முன்னாடியே வேன்ல ஏறிட்டீங்க, பாவம்னு உங்க சிப்பை அவர் வாங்கிட்டு வந்துட்டாராம். உங்க மேல நடவடிக்கை எடுக்க வேண்டாம்னு ரொம்பக் கேட்டுக்கிட்டாரு. பெரிய மனசு."

பெரிய மனசு. நான் ஓடி, நான் தவழ்ந்து, என் கால் நகம் இரண்டு கறுத்து — நான் வேனில் உட்கார்ந்து ஏசிக் காற்று வாங்கினேனாம். அவருடைய பத்தாவது வருடத்தை என் இடுப்பில் கட்டிவிட்டு, என் முதல் வருடத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம், இரக்கப்பட்டு. இந்த ஆளுக்குப் பல் டாக்டர் படிப்பு எதற்கு? மயக்க ஊசி இல்லாமலே பிடுங்குகிறாரே.

அதிலும் எனக்கு என் மேல்தான் முதல் கோபம். பத்தொன்பது வருடமாக ஆய்வகத்தில், மூடி போட்ட எதையும் மேலே ஒட்டிய பெயரைப் பார்க்காமல் கையில் வாங்கியதில்லை. அன்றைக்கு வாங்கினேன். அதுவும் நன்றி சொல்லி.

ஜனவரி 24, சனி

வேன் ஓட்டுநரைப் பிடித்தேன். வாடகை வண்டி நிறுத்தத்தில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"அம்மா, அன்னைக்கு நான் தப்பா ஒண்ணும் சொல்லல."

"நான் வேன்ல ஏறினேனா?"

"நீங்களா? ஏழு கிலோமீட்டர் கெஞ்சினேன். எங்க அப்பாவ இழுத்துத் திட்டினீங்க. அவரு போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சு."

ஏறியவர்கள் கையெழுத்துப் போட்ட தாளை வண்டிக்குள்ளிருந்து எடுத்துக் காட்டினார். நாலு பேர். அதில் நான் இல்லை. கேப்டனும் இல்லை, அவர் வேறு ஏதோ குறுக்குச் சந்தில் வீட்டுக்குப் போய், நிதானமாகப் பனியன் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். அந்த ஈரத்தைத்தான் நான் வியர்வை என்று நம்பினேன்.

தாளைப் படம் எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்காக மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, அவரும் ஓடறவங்கள அப்பிடித்தான் திட்டுவாரு" என்றார்.

ஜனவரி 26, திங்கள்

ஒருங்கிணைப்பாளர் தாளின் படத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு பிஸ்கட் தின்று முடித்தார். பிறகு சொன்னார்: ரெண்டு சிப்பும் என்னிடம் இருந்தது என்று நான் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் கேப்டன் பெயர் போகும். ஆனால் எழுத்தில் வந்துவிட்டால் அடுத்தவர் சிப்பைச் சுமந்தவரையும் நீக்க வேண்டும் என்பது விதி, தெரிந்து சுமந்தாலும் தெரியாமல் சுமந்தாலும்; கேப்டன் போனில் சொன்னதோடு நின்றதால் தப்பித்தாராம். "அதனால எப்படிப் பாத்தாலும் உங்களுக்கு லாபம் இல்ல மேடம். விட்டுடுங்களேன்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அந்தாளு கிளினிக் ஏசி நான்தான் சர்வீஸ் பண்றேன்" என்றார், கண்ணில் ஒரு மாதிரி வெளிச்சத்தோடு. அதெல்லாம் வேண்டாம் என்று சொன்னேன். இரண்டு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஜனவரி 27, செவ்வாய்

வந்தார். வெறும் வயிறு, மறுபரிசோதனை. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். ரப்பர் பட்டையைக் கட்டினேன். வழக்கத்தைவிட ஒரு இழுப்புக் கூடுதல், ஒத்துக்கொள்கிறேன்.

"ஆபீஸ்ல போய் ஏதோ பேசினீங்களாமே" என்றார். "பாருங்கக்கா, உங்களுக்கு இது முதல் தடவ. அடுத்த வருஷம் ஓடிக்கலாம். எனக்குப் பத்து வருஷம். பலகை அடிக்கக் குடுத்தாச்சு. முட்டி அன்னைக்கு ஒத்துழைக்கல, என்ன பண்றது?"

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா செஞ்சிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல." ஊசியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு. அஞ்சு அம்பத்திரெண்டுன்னு வந்திருக்கு. நான் நாலரைக்கு மேல போனதே இல்ல. கிளினிக்ல எல்லாரும் கேக்கறாங்க. நீங்க கொஞ்சம் வேகமா ஓடியிருக்கலாம்."

சத்தியமாக அப்படித்தான் சொன்னார். இந்தக் காதால் கேட்டேன்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். பக்கத்து அறையிலிருந்து ரிசப்ஷன் பெண் எட்டிப் பார்த்தாள். ஊசி என் கையில். நரம்பு கிடைக்கவில்லை என்று நாலு இடத்தில் தேடலாம், யாரும் கேள்வி கேட்க முடியாது. முதல் குத்திலேயே எடுத்தேன். அது என் தொழில். குழாயில் அவர் பெயரை ஒட்டி, அவர் கண் முன்னால் காட்டி, "சரியா பாத்துக்கோங்க, உங்க பேருதானே?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரிந்தது. காது மடல் சிவந்தது.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு குழாயில் இரண்டு பேர் பெயர் ஒட்டியிருந்தால் எது யாருடையது என்று ஊகிக்க மாட்டோம். அதைக் கொட்டிவிட்டு இரண்டு பேரையும் மறுபடி வரச் சொல்வோம். எத்தனை பேர் கத்தினாலும்.

ஜனவரி 28, புதன்

எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். இரண்டு சிப்பும் என்னிடம்தான் இருந்தது என்று.

பிப்ரவரி 2, திங்கள்

இருவரும் ரத்து. ஃப்ரிட்ஜிலிருந்து தாளைக் கிழித்தேன். கோந்துத் தழும்பு மட்டும் போகமாட்டேன் என்கிறது. குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார்கள். வலி தற்காலிகமானது என்று அனுப்புகிறவர்தான் நீக்கியது. "ஓடற குடும்பத்துல இப்பிடிக் காட்டிக் குடுக்கலாமா?" என்று அன்றைக்கு என் தோளில் தட்டியவள் கேட்டாளாம். குடும்பமாம். என் இடுப்பில் பையைக் கட்டும்போது குடும்பம். பட்டியலிலிருந்து தூக்கும்போது பாதியில் வேன் ஏறிய பெண்பிள்ளை.

தப்புச் செய்தேனா? இல்லை. பிறகு ஏன் அழுகிறேன்? கோபத்தில். கோபத்தில் அழுவதைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆறு கிலோமீட்டர். தனியாக. யாரும் படம் எடுக்கவில்லை. கால் நன்றாக இருந்தது, வாய்தான் பேச ஆளில்லாமல் நமைத்தது.

ஜனவரி 17, ஞாயிறு (புது வருடம், புது நோட்டு)

இந்த வருடப் பெரிய மனிதர் பன்னிரண்டு நிமிடம்தான் தாமதம். முன்னேற்றம்.

ஐந்து முப்பத்தெட்டு. வளைவு நிமிர்ந்து நின்றது, நானும் கிட்டத்தட்ட நிமிர்ந்துதான் வந்தேன். ஒரே ஒரு 'கீ'. இடுப்பில் எதுவும் இல்லை. தண்ணீர்கூட முன்பின் தெரியாதவர் கையிலிருந்து வாங்கவில்லை.

பதினோரு மணிக்கு ஊதும் மெஷினை நிறுத்த ஆள் வந்தான். பாதையில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருக்கிறது என்றேன். "லாரி நிக்குதுங்க" என்றான். நான் மெஷின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைக் கூட்டிப்போக வந்த வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து, மெக்கானிக் முகத்தை மாட்டிக்கொண்டு, "இந்த மோட்டாரைச் சூட்டோட நிறுத்தினா காயில் போயிடும் தம்பி. பத்து நிமிஷம் ஓட விடணும்" என்றார். அப்பட்டமான பொய். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் மேல் இவ்வளவு பிரியம் வந்ததில்லை.

மூன்று பேர் வந்தார்கள். பிறகு யாரும் இல்லை. பிறகு தூரத்தில் அந்த வேன், அதற்கு முன்னால் முட்டியில் பட்டை கட்டிய ஒருவர், ஒரு காலைத் தரையோடு இழுத்துக்கொண்டு. கேப்டன். ஓட்டுநர் என்னைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கினார்.

"ஏற மாட்டேங்கறாரும்மா. உங்கள மாதிரியே எங்க அப்பாவத் திட்டறாரு."

கேப்டனும் என்னைப் பார்த்தார். நான் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறேன் என்பதையும் பார்த்தார். அடுத்த அடி வைக்கலாமா என்பது போல ஒரு கணம் நின்றார். சுவிட்ச் என் கைக்கு அடியில்தான் இருந்தது. போன வருடம் அந்த ரப்பர் துணி என் முதுகில் உரசியது இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு அழுத்து போதும்.

"உங்க கால்தானே, வாங்க" என்றேன்.

வந்தார். ஐந்து ஐம்பத்தெட்டு. பனியன் நனைந்திருந்தது, இந்தத் தடவை வியர்வை நாறியது.

கோபம் இம்மியும் குறையவில்லை. எழுந்து, சேலைத் தலைப்பு இல்லாததால் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மெஷினை நிறுத்த வந்த ஆளிடம் சொன்னேன்:

"இப்ப வளைவை இறக்குங்க."